மயில் டீமும் நாங்க நாலு பேரும்!

மார்ச் மாதம் பாதியைத் தாண்டிவிட்டால் அமெரிக்க அலுவலகங்களில் வேலை கொஞ்சம் மந்தமாகத்தான் நடக்கும். பாதிப் பேர் ஒரு கண்ணை கம்ப்யூட்டரிலும் இன்னொரு கண்ணை பாஸ்கெட்பால் ஸ்கோரிலும் வைத்திருப்பார்கள். கல்லூரி அணிகள் மோதும் இந்தப் போட்டிக்கு 'மார்ச் மேட்னஸ்' என்று பெயர். மார்ச் மாதப் பைத்தியம்! 1939-ல் எட்டே அணிகளோடு ஆரம்பித்தது. நாங்கள் பின்தொடர்ந்த 2022-ல் 68 அணிகள். ஒரு தடவை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது. மூன்று வாரத்தில் ஒரே ஒரு அணி மிஞ்சும்.

எந்த அணி எந்த அணியை ஜெயிக்கும் என்று கட்டங்களில் எழுதிப் பந்தயம் கட்டுவது இங்கே தேசிய வழக்கம். எல்லாக் கட்டங்களையும் சரியாக நிரப்பினால் 100 கோடி டாலர் என்று 2014-ல் ஒரு பரிசை அறிவித்தார்கள். வாரன் பஃபெட்டின் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்றது. யாரும் வாங்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆட்டங்கள் பெரும்பாலும் மூன்றாவது ஊர்களில் நடக்கும். அதனால் ரசிகர்கள் நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அணியின் பின்னாலேயே போவார்கள். ஜெயித்தால் அடுத்த வாரம் வேறு ஊர், தோற்றால் வீடு. மண்டபம் எது என்று முன்கூட்டியே தெரியும். மாப்பிள்ளை வருவாரா என்பதுதான் கடைசி வரைக்கும் தெரியாது. 2022 மார்ச்சில் நாங்கள் நான்கு தோழிகள் அப்படி ஒரு மாப்பிள்ளையின் பின்னால் போன கதை இது.

அப்போது நாங்கள் நால்வரும் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தோம். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்... மளிகைக்கடை, நகைக்கடை, இட்லி, தோசை, வெற்றிலை பாக்கு எல்லாமே கிடைக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே நடந்தால் கென்னடி புலவார்டில் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம். 1872-ல் ஜேசுட் பாதிரியார்கள் ஆரம்பித்த சின்னக் கல்லூரி. தினமும் பஸ்ஸில் தாண்டிப்போகிற கட்டடம், அவ்வளவுதான்.

அந்த அணியின் சின்னம் மயில்! சிங்கம், புலி, கரடி என்று பெயர் வைத்துக்கொள்ளும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நடுவே இவர்கள் 'பீக்காக்ஸ்'. காரணமும் சுவாரஸ்யம். 1630-களில் இந்த நிலம் மைக்கேல் பாவ் என்ற டச்சுக்காரர் கையில் இருந்தது. 'பாவ்' என்றால் டச்சு மொழியில் மயில். அதை லத்தீனில் மாற்றி இந்தப் பகுதியையே 'பவோனியா' என்று அழைத்திருக்கிறார்கள். நாகர்கோவில் தோழி இதைக் கேட்டதும், "அப்போ நம்ம முருகன் டீம்!" என்று முடிவுகட்டிவிட்டாள்.

மார்ச் 17 வியாழக்கிழமை இரவு அந்த மயில் கென்டக்கியை எக்ஸ்ட்ரா டைமில் 85-79 என்று சாய்த்தது. கென்டக்கி எட்டு முறை சாம்பியன். அவர்களுடைய பயிற்சியாளர் வாங்கும் ஒரு வருடச் சம்பளம், மயில் அணியின் மொத்தச் செலவைப்போலப் பல மடங்கு. சனிக்கிழமை மர்ரே ஸ்டேட் அணியையும் வீழ்த்தினார்கள். அடுத்த ஆட்டம் 25-ம் தேதி வெள்ளிக்கிழமை, பிலடெல்பியாவில். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்.

"போலாமா?" என்று முதலில் கேட்டது அக்கா.

அக்கா என்றால் எங்கள் நால்வரில் மூத்தவர். பெரியகுளத்துக்காரர். தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரை மாம்பழத்துக்குத்தான் பலருக்குத் தெரியும். ஆனால், கோடை விடுமுறையில் அங்கே அகில இந்திய பாஸ்கெட்பால் போட்டி நடக்கும். ராணுவம், கடற்படை, வங்கி அணிகளெல்லாம் வந்து இறங்கும். ஊரே திரண்டுபோய் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மேட்ச் பார்க்கும். அதைப் பார்த்து வளர்ந்த பெண், பள்ளியில் ஆடி, கல்லூரிக்கும் ஆடியிருக்கிறார். எட்டு வருடம் பழகியும் இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பாவ் பாஜிக்கு வெங்காயம் நறுக்குகிற வேகத்தை வைத்து யார் கண்டுபிடிக்க முடியும்?

பிள்ளைகளை அப்பாக்கள் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. டிக்கெட்தான் யானை விலை. மயில் ஜெயிக்க ஜெயிக்க மறுவிற்பனைத் தளங்களில் ஏறிக்கொண்டே போனது. ஒரு டிக்கெட்டில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எங்கள் மனசையும் வீட்டுக்காரர்களையும் சமாதானப்படுத்தினோம். விஜயவாடா தோழி தன் ஏழு சீட் வேனை எடுத்தாள். யுக்ரேன் போரினால் பெட்ரோல் காலன் நாலு டாலரைத் தாண்டியிருந்த நேரம். நியூ ஜெர்சியில் நம் வண்டிக்கு நாமே பெட்ரோல் போடக்கூடாது என்று சட்டம். நம்ம ஊர் பங்க் மாதிரியே ஒருவர் வந்து போட்டுவிடுவார். அதனாலேயே எனக்கு இந்த மாநிலம் பிடிக்கும்!

'டர்ன்பைக்' என்ற சுங்கச்சாலையில் தெற்கே இறங்கினோம். வழியில் இளைப்பாறும் நிறுத்தங்களுக்கெல்லாம் பெரியவர்கள் பெயர் வைத்திருப்பார்கள். ஒன்று தாமஸ் எடிசன். அடுத்தது மோலி பிட்சர். 1778-ல் மன்மத் போர்க்களத்தில் சிப்பாய்களுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து கொடுத்தாள் என்று கதைகதையாகச் சொல்லப்படும் பெண். அவள் பெயரில் இருந்த நிறுத்தத்தில்தான் வண்டியை நிறுத்தி, புளியோதரையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். அரங்கத்துக்குள் வீட்டுச் சாப்பாடு அனுமதி இல்லை. உள்ளே விற்கும் பிரெட்ஸலை நம்பிப் பட்டினி கிடக்க நாங்கள் தயாரில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசலில் இரண்டு மணி நேரப் பயணம் மூன்றாக இழுத்தது. அந்த மூன்று மணி நேரமும் அக்கா வகுப்பெடுத்தார். ரீபவுண்ட் என்றால் என்ன, ஃப்ரீ த்ரோ எப்போது கிடைக்கும் என்று ஆரம்பித்தவர், நடுவில் தன் கதைக்குப் போய்விட்டார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் பன்னிரண்டு பெண்கள் போனது... போன ஊரில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பறைத் தரையில் போர்வை விரித்துப் படுத்தது... விடியற்காலை நாலு மணிக்கு ஒரே ஒரு குழாயடியில் வரிசை கட்டியது... சிமென்ட் கோர்ட்டில் விழுந்து முட்டி தேய்ந்தது...

"ஜெயிச்சீங்களாக்கா?"

"ரெண்டு ரவுண்டு. மூணாவதுல போயிட்டோம். திரும்பி வர்றப்போ ரயில்ல யாரும் அழலை தெரியுமா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு பாட்டு பாடிக்கிட்டே வந்தோம். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "வலது பக்கம் போ, எக்ஸிட் மூணு வருது" என்றார்.

வால்ட் விட்மன் பாலத்தில் ஐந்து டாலர் கட்டி டெலவேர் ஆற்றைத் தாண்டினோம், எதிரிலேயே அரங்கம். அப்போது வெல்ஸ் ஃபார்கோ சென்டர் என்று பெயர். இருபதாயிரம் பேர் உட்காரலாம். எங்கள் எதிரணி இந்தியானா மாநிலத்தின் பர்டூ. அவர்களில் ஸாக் ஈடி என்ற பையன் ஏழு அடி நாலு அங்குலம்! அவன் சும்மா கையைத் தூக்கினாலே வளையத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 'இவனை என்ன செய்வார்கள்?' என்று எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "உயரமானவனுக்குப் பந்தே போய்ச் சேரக்கூடாது. குடுக்குறவனைப் பிடிக்கணும். அங்க பாரு, பிடிக்கிறானுங்க பாரு" என்றார்.

பிடித்தார்கள். பந்து கைமாறும்போதெல்லாம் குறுக்கே ஒரு நீலச் சட்டை. அடுத்த ஆட்டத்துக்காக வந்திருந்த மற்ற ஊர் ரசிகர்களும் மெள்ள மெள்ள மயில் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டாம் பாதி முடியப் போகும்போது எங்கள் வரிசையில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. மெல்லிய மீசை வைத்த டக் எடர்ட் ஃப்ரீ த்ரோவுக்கு நின்றபோது நாகர்கோவில் தோழி கந்த சஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், சத்தியமாக. 67-64. மயில் ஜெயித்தது! 15-வது தரவரிசையில் உள்ளே வந்த ஓர் அணி கடைசி எட்டுக்குள் நுழைந்தது, இந்தப் போட்டியின் வரலாற்றில் அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை நார்த் கரோலினாவோடு ஆட்டம். இன்னொரு முறை டிக்கெட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. என் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் கூடினோம். முதல் பாதியிலேயே 19 புள்ளி பின்தங்கிவிட்டார்கள். 69-49. டி.வி-யை அணைத்த பிறகும் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

எங்கள் பயணம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அன்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி. 'நாளைக்கு பிரிட்ஜ்போர்ட்ல பொம்பளப் பிள்ளைங்க மேட்ச். ஒண்ணரை மணி நேரம்தான். யார் வர்றீங்க?'

பெண்களுக்கும் இதே போட்டி உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கல்லூரிகளில் ஆண், பெண் பேதம் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது 1972-ல். ஆனாலும், 2021-ல் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும், பெண்களுக்குச் சில கை எடைகள் அடுக்கிய ஒரே ஒரு ஸ்டாண்டும் கொடுத்தார்கள். ஒரு வீராங்கனை அதை வீடியோ எடுத்துப் போட, நாடே காறித் துப்பியது. அதற்குப் பிறகுதான், 2022-ல், 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரையே பெண்கள் போட்டிக்கும் வைக்க அனுமதித்தார்கள். பெயரில்கூடப் பங்கு கேட்க வேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள்.

திங்கட்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம். அக்காவும் நானும் மட்டும் போனோம். டிக்கெட் விலை பிலடெல்பியாவில் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. வடக்கே கனெக்டிகட் மாநிலத்தில் கடலோரம் இருக்கும் சின்ன நகரம் பிரிட்ஜ்போர்ட். யு-கான் என்று செல்லமாக அழைக்கப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழகமும், நார்த் கரோலினா ஸ்டேட்டும் மோதின. ஜெயிப்பவருக்குக் கடைசி நான்கில் இடம். அந்த மாநிலத்தில் பெண்கள் பாஸ்கெட்பால்தான் முக்கிய விளையாட்டு என்பது அரங்கத்துக்குள் போனதும் தெரிந்தது. பாட்டிகள், பேத்திகள், பெயர் அச்சடித்த பனியன் போட்ட தாத்தாக்கள்!

ஆட்டத்தை நான் எப்படி விவரிப்பேன்? 61-61 என்று சமநிலை, எக்ஸ்ட்ரா டைம். அது முடிய ஒரு விநாடிகூட இல்லாதபோது ஓரத்திலிருந்து ஒரு பெண் மூன்று புள்ளிப் பந்தை எறிந்து 77-77 ஆக்கினாள். மறுபடியும் எக்ஸ்ட்ரா டைம். முழங்கால் காயத்திலிருந்து சில வாரங்களுக்கு முன்புதான் திரும்பியிருந்த பெய்ஜ் பெக்கர்ஸ் என்ற ஒல்லிப் பெண், தன் 27 புள்ளிகளில் பாதிக்கு மேல் அந்தக் கூடுதல் நேரத்தில் எடுத்தாள். 91-87, யு-கான்.

வெள்ளிக்கிழமை வாய் ஓயாமல் விளக்கம் சொன்ன அக்கா, அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வலது மணிக்கட்டு மட்டும் மடியில் மெல்ல அசைந்துகொண்டே இருந்தது, பந்து எறிகிற மாதிரி. ஆட்டம் முடிந்து அரங்கம் காலியான பிறகும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

"டிகிரி முடிச்சிருந்தா ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைச்சிருக்கும். எங்க மேடம் ஃபார்ம்கூட வாங்கி வெச்சிருந்தாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது, கிளம்பு."

மயில் அணியும் அதே வாரத்தில் கலைய ஆரம்பித்தது. பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே, தான் படித்த சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்கே போனார். எடர்ட் ஒரு பக்கம், அணியைத் தூக்கி நிறுத்திய டேரில் பேங்க்ஸ் ஒரு பக்கம், மாலி நாட்டு இரட்டையர் இன்னொரு பக்கம் என்று வெவ்வேறு கல்லூரிகளுக்குப் பறந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நல்ல வாய்ப்பு வந்தது, போனார்கள். ஆனால், கென்னடி புலவார்டில் பஸ் போகும்போது எனக்கு இன்னமும் கொஞ்சம் கோபம் வரும்.

அந்த ஏப்ரலில் அக்கா இருபது டாலருக்கு ஒரு பந்து வாங்கினார். எங்கள் நான்கு வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பார்க்கில் பயிற்சி. முதல் மூன்று வாரம் வளையத்தின் பக்கமே விடவில்லை. பாஸ் கொடுக்கவும் வாங்கவும் மட்டும்தான். என் மகள் வீட்டுக்கு வந்து, "பெரியம்மா ரொம்ப ஸ்டிரிக்ட்மா" என்று புகார் வாசிப்பாள். அடுத்த சனிக்கிழமை ஏழரைக்கே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.