காட்டுப்பள்ளிக்கு எந்த வழி?

தீவு பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தால் வட சென்னைக்காரர்கள் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள். காலடிப்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்திலேயே ஒரு தீவு இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைத் தீவு என்று சொல்வதில்லை. ‘ஹார்பர்’ என்பார்கள், ‘பவர் ஹவுஸ்’ என்பார்கள், ‘எல் அண்ட் டி’ என்பார்கள். அங்கே ஷிப்டு வேலைக்குப் போய் வருகிறவரைக் கேட்டாலும், தான் தினமும் ஒரு தீவுக்குப் போய் வருவதாகச் சொல்ல மாட்டார்.

காட்டுப்பள்ளிதான் அது. தெற்கே எண்ணூர் முகத்துவாரம். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். வடக்கே பழவேற்காடு ஏரி. கிழக்கே வங்கக்கடல். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நீளமான மணல் திட்டு. கடலையும் உள்நாட்டுக் கழிவெளியையும் பிரித்து நிற்பதால், புயல் வந்தால் முதல் அடியைத் தாங்குவதும் இதுதான். ராவணன் மீசை படர்ந்த மணல்மேடுகள், ஓரத்தில் அலையாத்தி மரங்கள், இறாலும் நண்டும் உள்ள கழி. இதுதான் தீவின் பழைய முகம்.

சென்னையின் முதல் கடல்நீர்க் குடிநீர் ஆலையும் இங்கேதான் இருக்கிறது. மீஞ்சூர் ஆலை என்று பெயர், இருப்பதோ காட்டுப்பள்ளியில். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் அந்த ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. வட சென்னைக் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. ஆக, தீவுக்குப் போகாதவர்கள் வீட்டுக்கும் தீவு வந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, தீவுக்குப் போகும் வழி? கடல் வற்றும்போது நடந்து போய், ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டிய தீவுகள் உலகில் பல உண்டு. மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை ஏற்றத்தின்போது கடலில் மூழ்கும். குஜராத்தில் பாவ்நகருக்குப் பக்கத்திலுள்ள கோலியாக்கில் நிஷ்களங்க மகாதேவரைக் கும்பிட வேண்டுமானால், தண்ணீர் வடியும்வரை கரையில் காத்திருந்து, பிறகு சேற்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே காம்பே வளைகுடா புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகிறது. உள்ளே நுழையும் கடல்நீர் ஒதுங்க இடமில்லாமல் பத்து மீட்டர் வரைக்கும் உயர்கிறது. இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு 1954-ல் சாலை போட்டார்கள். அந்தச் சாலையும் நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். நேரம் தவறி மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உட்கார, வழியில் கம்பங்கள் மேல் ஒரு சின்ன அறை கட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்னைக் கடலுக்கு அந்த அளவு துணிச்சல் கிடையாது. அமாவாசையானாலும் பௌர்ணமியானாலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். எனவே காட்டுப்பள்ளியைக் கரையோடு சேர்ப்பதையும் பிரிப்பதையும் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. அதை முடிவு செய்வது மணல்.

இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வண்ணி. இரண்டும் மணலை அள்ளிக்கொண்டு போகின்றன. வருஷக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதே அதிகம். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவரை நீட்டியதும் அந்த மணல் நடுவழியில் நின்றுபோனது. சுவருக்குத் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைக் கடல் தின்றது. இன்று காலடிப்பேட்டையில் கிழக்கே நடந்தால் கடற்கரை மணலைவிடப் பாறாங்கல்தான் அதிகம் கண்ணில் படும். அலையைத் தடுக்கக் கொட்டியவை அவை.

எண்ணூர் முகத்துவாரத்தில் நடப்பது இதன் மறுபக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலை ஆறு பெருகி வந்தால் வாய் அகலமாகத் திறக்கும். மழை நின்று கோடை வந்தால் அலை கொண்டுவரும் மணல் வாயில் குவிந்து திட்டாகும். ஆற்றில் தள்ளிவிட வேகம் இல்லை. 1944-லேயே பூண்டியில் அணை கட்டிச் சென்னைக்குக் குடிநீர் எடுக்கத் தொடங்கியாயிற்று. முகத்துவாரத்துக்கு வந்து சேர்வது மழைக்கால மிச்சம்தான். வாய் முழுக்க அடைத்துக்கொண்டால் தீவு தீவாக இருக்காது. மணல்மேல் கால் நனையாமல் அந்தப் பக்கம் போய்விடலாம்.

வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கை. கழியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இடி. வாய் அடைத்தால் ஏற்றத்தண்ணீர் உள்ளே வராது. அதோடு கடலிலிருந்து உள்ளே வந்து வளர வேண்டிய இறால் குஞ்சும் வராது. உள்ளே கிடக்கும் தண்ணீர் சூடாகி, நாறி, மீனைக் கொல்லும். படகு கடலுக்குப் போக முடியாது. கால் நனையாமல் நடக்கக் கிடைத்த வழி, கழிக்காரர்களுக்கு வழி அடைபட்டதன் அடையாளம். இந்தத் தீவைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தலைகீழாகத்தான் புரியும்.

ஒரு காலத்தில் இங்கே வழி என்றாலே தண்ணீர்தான். பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். பின்னால் அது பழவேற்காட்டுக்கு நீண்டது, ஆந்திரம் வரை போனது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டி, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு, கழிகளின் உப்பு, மீன் எல்லாம் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பது. பட்டணத்து அடுப்பு எரிந்தது அந்தப் படகுகளால்.

தீவுக்குத் தார்ச்சாலை மனிதர்களுக்காக வரவில்லை; நிலக்கரிக்காக வந்தது. 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம். அதற்கு நிலக்கரி இறக்க எண்ணூர்த் துறைமுகம். 2001 பிப்ரவரி 1-ம் தேதி பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்ட முதல் பெருந்துறைமுகம் அது. 2014-ல் காமராசர் துறைமுகம் ஆயிற்று. அதற்கு வடக்கே எல் அண்ட் டி-யின் கப்பல் கட்டும் தளம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்களைக் கடலோரத்திலிருந்து எழுப்பி வேறிடத்தில் வைத்தார்கள். 2013-ல் தளத்தோடு துறைமுகமும் வந்தது. 2018-ல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. இப்போது கன்டெய்னர் டிரெய்லர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் தீவுக்குள் போய் வருகின்றன. பூஞ்சேரியில் முடியும் சென்னை எல்லைச் சாலை தொடங்குவதும் எண்ணூர்த் துறைமுகத்தில்தான்.

லாரி போக வழி அகலமாக ஆக, தண்ணீர் போகும் வழி குறுகிக்கொண்டே வந்தது. அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் நேரே கழியில் படியும். ஆள் முங்கும் ஆழம் இருந்த இடங்களில் இப்போது நடக்கலாம் என்பார்கள் கழியோரக் காட்டுக்குப்பத்துப் பெரியவர்கள். சாம்பல் சேற்றில் நடப்பது மணலில் நடப்பது போல அல்ல. கால் முழங்கால்வரை உள்ளே போகும், இழுத்தால் வராது.

அந்தச் சேற்றில்தான் இருளர் பெண்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையையும் தரையோடு துழாவிக்கொண்டே நகர வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். வாய் திறந்து பேச முடியாது, மணிக்கணக்கில். கிளிஞ்சல் கீறும், இறால் முள் குத்தும், சாம்பலும் ரசாயனமும் கலந்த தண்ணீர் அந்தப் புண்ணில் எரியும். சாலையும் பாலமும் வந்ததால் இவர்களுக்கு ஒரு படி இறாலாவது கூடுதலாகக் கிடைத்ததா என்று துறைமுக விழாக்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2017-ல் இந்தக் கழி கொஞ்ச நாள் பேசப்பட்டது. அந்த ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வெளிவந்தது. அதே மாதம் 28-ம் தேதி காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்ட, பிள்ளைகள் வாளியால் அள்ளினார்கள். அக்டோபரில் கமல்ஹாசன் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழி முழுக்கப் பரவியது. கூழைக்கடாக்கள் கறுத்த சிறகோடு திரிந்தன, வலையும் படகும் பிசுபிசுத்தன. ஏற்றம் உள்ளே தள்ள, வற்றம் வெளியே இழுக்க, அந்த எண்ணெய் அலையாத்தி மரங்களின் அடியில் வரிவரியாக ஒட்டிக்கொண்டது. அந்தச் சமயத்தில் மட்டும் இங்கே ஓதம் உண்டு என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது.

தீவின் வடக்கு முனைக்குப் போக வேறு பாதை. பொன்னேரி வந்து, பஸ் பிடித்துப் பழவேற்காடு, அங்கிருந்து ஏரியின் குறுக்கே பாலம், அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். இந்தப் பாலம் ஓரளவு ஜனங்களுக்கானது. மீன் கூடையும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். ஆனால் பழவேற்காட்டு முகத்துவாரமும் கோடையில் மணலால் தூர்ந்துபோகிறது. படகைக் கடலுக்கு எடுக்க முடியாமல் மீனவர்கள் தாங்களே மணலை வெட்டித் திறந்த காலங்கள் உண்டு. ஏரிக்குள் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ ஏற்பாடு அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாகத் தண்ணீரைப் பங்கிட்டவர்களால் மணலோடு பேரம் பேச முடியவில்லை.

ஃபிரான்ஸிலும் இதே போல் ஒரு கதை நடந்திருக்கிறது. மோன் சான் மிஷேல் என்ற கோயில் தீவைச் சுற்றிக் கடல் பதினாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். யாத்ரீகர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து போவார்கள். 1879-ல் கல் கொட்டிச் சாலை போட்டார்கள். எல்லோருக்கும் சௌகரியம்தான். ஆனால் சாலை குறுக்கே நின்றதால் வண்டல் சேர்ந்துகொண்டே போய், தீவைச் சுற்றிப் புல் முளைக்க ஆரம்பித்தது. விழித்துக்கொண்டவர்கள் 2009-ல் ஆற்றில் புது அணை கட்டி, வற்றம் வரும்போது தண்ணீரை விட்டு வண்டலைக் கடலுக்குத் தள்ளச் செய்தார்கள். 2014-ல் அடியில் கடல் ஓடும்படி கால்கள் மேல் நிற்கும் பாலத்தைத் திறந்து, பழைய சாலையைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். சுற்றுலாவில் கொழிக்கும் ஊர், செலவு செய்தார்கள். எண்ணூருக்கு அப்படிச் செலவு செய்ய யார் வருவார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

இங்கே காகிதத்தில் இருப்பது எதிர்த்திசைத் திட்டம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போயிருக்கிறது. கடலிலேயே ஒரு பகுதியை மண் கொட்டித் தூர்க்க வேண்டியிருக்கும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. ஏற்கெனவே உள்ள துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே காளாஞ்சி, கருங்காலி பக்கம் கரை அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே தீவு மெலிந்து கடலும் கழியும் ஒன்றாகிவிட்டால், போய்ச் சேர வேண்டிய இடமே இருக்காது. துறைமுகம் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிடப் போவதில்லை. அதில் சம்பளம் வாங்குகிறவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். ஆனால் சாலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது எண்ணூர் முகத்துவாரத்தை வருஷம் முழுக்கத் திறந்து வைப்பதற்கும், கழியில் படிந்த சாம்பலை அள்ளுவதற்கும் எடுத்து வைக்க வேண்டும். தீவுக்கு வழி போடுவதென்றால் முதலில் போட வேண்டியது அந்தத் தண்ணீர் வழி.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே ரயில் கழியைக் கடக்கும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே தெரிவதுதான் காட்டுப்பள்ளி. பழவேற்காடு பக்கம் போனால், படகில் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது அழைக்கலாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அப்படிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள்.