திட்டமிட்டு அமைக்கும் கிராமமும் குடிகளின் ஐயங்களும்

புதிய கிராமம் ஒன்றைத் திட்டமிட்டு அமைக்கப்போவதாகச் சர்க்கார் அறிவிக்குங்கால், ஜனங்கள் உடனே சம்மதிப்பதில்லை. இதனை அறியாமையென்றும் பழமைப் பற்றென்றும் உத்தியோகஸ்தர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறு தள்ளிவிடுதல் முறையன்று. குடிகள் கேட்கும் கேள்விகளுட் பெரும்பாலன பிழைப்பைப் பற்றியனவேயாம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் நிகழ்ந்ததைக் கொண்டு இதனை விளக்குவோம்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கீழமணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் முதலிய ஊர்களைத் தாக்கிப் பல நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2005 மார்ச்சு 30-ஆம் தேதியிட்ட 172-ஆம் எண் உத்தரவால் தமிழ்நாடு சர்க்கார் வீடமைப்புத் திட்டத்தை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அவ்வெல்லைக்கு அப்பால் குடியேற இசைந்தால், சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள, 300 முதல் 325 சதுர அடி வரையுள்ள வீடு கிடைக்குமென்று அவ்வுத்தரவு கூறிற்று. பழைய மனையைச் சர்க்காருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கரையிலேயே இருக்க விரும்பியோர் தம் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ள அனுமதி இருந்தது. அவர்களுக்குச் சர்க்கார் உதவி இருக்கவில்லை. அப்போது அமலிலிருந்த 1991-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே இவ்வெல்லைக்கு ஆதாரமாயிருந்தது. நிர்ப்பந்தம் இல்லையென்று சொல்லப்பட்டாலும், கையில் பணமில்லாத குடும்பத்துக்கு வேறு வழி யாதுளது?

இத்தகைய திட்டங்களில் எழும் ஐயங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, தொழில். வள்ளமும் வலையும் எஞ்சினும் கரையிலிருக்க, உடையவன் தொலைவில் உறங்கினால் அவற்றுக்குக் காவல் யார்? காற்றையும் நீரோட்டத்தையும் வாசலிலிருந்தே பார்த்துத் தொழிலுக்குப் புறப்படுபவர்க்கு ஒரு மைல் தூரமும் நஷ்டமே.

இரண்டாவது, பெண்களின் வருமானம். கரையில் மீனை ஏலத்தில் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுசெல்வோரும், மணலில் கருவாடு உலர்த்துவோரும் பெண்களே. வண்டிக்கூலி கூடினால் அன்றைய லாபம் அதிலேயே போய்விடும். உலர்த்துமிடம் வரைபடத்தில் இல்லையெனில் அத்தொழிலே நின்றுபோம்.

மூன்றாவது, வீடும் அயலும். 325 சதுர அடியில் ஒரு தம்பதி வசிக்கலாம். மகனுக்கு விவாகமானபின் இடம் எங்கே? சீட்டுக் குலுக்கி வீடு ஒதுக்கினால், அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் வேறு தெருவுக்குப் போய்விடுவர்.

நான்காவது, உரிமை. புதிய பட்டா கைக்கு வருமுன் பழைய மனையை எழுதிக்கொடுப்பது தகுமா? விட்டுக்கொடுத்த கரையில் பின்னர் வேறொருவர் கட்டிடம் எழுப்பமாட்டார் என்பதற்கு உறுதி என்ன?

இவ்வையங்கட்கு விடை காணுதல் அசாத்தியமன்று. அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் வீடுகள் கட்டியபோது, வீட்டுக்காரரைக் கலந்தே அமைப்பைத் தீர்மானித்தது. நம் மாவட்டத்து மார்த்தாண்டத்திலும், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம், குடிகள் தாமே தம் காரியத்தைச் செய்துகொள்ள வேண்டும், நிபுணர் அருகிலிருந்து ஆலோசனை கூறவேண்டும் என்னும் முறையையே கைக்கொண்டது.

ஆதலின் புதிய கிராமம் அமையவிருக்கும் இடத்துக் குடிகள் செய்யத்தக்கவை இவை. ஆண் பெண் இருபாலாரும், வாடகைக்கு இருப்போரும் அடங்கிய ஒரு கமிட்டியை முதலில் ஏற்படுத்துக. நிலத்தை நேரிற் கண்டு, மழைக்காலத்தில் நீர் எங்கே தேங்குமென ஊர் முதியோரை வினவுக. மாதிரி வீடு ஒன்றைக் கட்டிக் காட்டுமாறு கேட்டு, குறைகளைச் சொல்லித் திருத்தியபின் ஏனையவற்றுக்கு இசைக. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு இவற்றைப் பிற்காலத்தில் யார் பராமரிப்பர் என்பதை எழுத்தில் பெறுக. வலைக்கூடமும் ஏலக்கூடமும் கரையிலேயே அமைத்து, அவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் வைத்துக்கொள்ளுதல் நலம். 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கூடும் கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவு செய்தால், வாய்ச்சொல் மறக்கப்பட்டாலும் எழுத்து நிற்கும்.

உத்தியோகஸ்தர்க்கும் ஒரு வார்த்தை. கையொப்பம் வாங்கும் நாளுக்கு முன்பே வரைபடத்தைத் தமிழில் விளக்கி ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுக. தொழில் செய்ய முடியாத இடத்தில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்குமாதலின், பொதுப்பணமும் வீணாகும்.