சொல்லப்படாத துயரம்

சோமனூரில் தறிச் சத்தம் ஓய்ந்தால் வீடுகளில் அச்சம் குடிபுகும். அச்சத்தத்திலேயே உறங்கி வளர்ந்த மக்களுக்கு அதுவே தாலாட்டு, அதுவே சோறு. 2022 ஜனவரி 9 அன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி விசைத்தறிகள் நின்றன. முந்தைய நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்பதே காரணம். 2025 மார்ச் 19 அன்று அவை மீண்டும் நின்றன. ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை.

இங்குள்ள தறி உரிமையாளர்களில் பலர் செல்வந்தரல்லர். ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவையும் நூலையும் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். மின் கட்டணம், உதிரி பாகம், ஆள் கூலி, தறிக்கு வாங்கிய கடன் ஆகிய அனைத்தும் அந்தக் கூலிக்குள்ளேயே அடங்க வேண்டும். தறி நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்பதில்லை.

நின்ற தறிகளைக் கணக்கிடலாம். நெஞ்சில் நேர்ந்ததைக் கணக்கிட முடியுமா? அந்நாட்களில் எத்தனை இல்லங்களில் இவ்வுரையாடல் நிகழ்ந்திருக்கும்!

“ஏனுங்க, சாப்பிட வாங்க.”

“பசியில்லை.”

“உடம்புக்கு என்னங்க?”

“ஒன்றுமில்லை.”

இந்த ‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்லுக்குள்ளேதான் எல்லாத் துயரமும் ஒளிந்து கிடக்கிறது. வீட்டுத் தலைவன் கலங்கக் கூடாது என்று நாம் எண்ணுகிறோம். விசுவாசமுள்ளவனுக்கு மனவேதனை வராது என்றுங்கூடச் சிலர் கருதுகின்றனர்.

ஆனால் நம் ஆண்டவர் அவ்வாறு மறைக்கவில்லை. ஜெத்சமனித் தோட்டத்தில் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரையும் அருகழைத்து, தம் ஆன்மா சாவு வருமளவுக்குத் துயருற்றிருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அவர்களிடம் அறிவுரையோ தீர்வோ அவர் கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். அவர்களோ உறங்கிவிட்டார்கள். நம் வீட்டில் ஒருவர் வேதனையுறும்போது நாமும் உறங்கிவிடுகிறோம் அல்லவா?

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமற்ற சினம், தனித்திருத்தல், புதிதாய்த் தொற்றிய குடி ஆகியவை துயருற்ற நெஞ்சின் குரலாக இருக்கலாம். “எல்லாருக்கும் உள்ளதுதானே” என்று வாயடைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். “வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவும் கேட்கலாம். அப்படிக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது. அடைத்த கதவைத் திறக்கும் என்பதே மனநல மருத்துவர் கருத்து.

காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் வெட்கமில்லை. மனநோவுக்குச் செல்வதிலும் வெட்கம் வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். செபம் இம்மருத்துவத்துக்கு எதிரானதன்று. இரண்டும் ஒரே இறைவனின் இரு கரங்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுகிறார். அதன் பிறகே ஓட்டுகிறார். கவனியாது விட்டால் துணி நெடுகப் பழுது ஓடும் என்பதை அவர் அறிவார். சோமனூர் மக்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தறிக்குக் காட்டும் அந்தக் கவனத்தை இன்றிரவு, உணவுக்குப் பின், வீட்டில் மௌனமாய் அமர்ந்திருப்பவரிடமும் காட்டுவோமாக.