சிறுவயதில் பட்ட காயமும் முதலில் கேட்பவரின் பொறுப்பும்

கிராமத்துக் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகள் சில உண்டு. "தலையிடி மாறுதேயில்லை", "நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்குது", "இரவில நித்திரை வருகுதில்லை". சோதித்துப் பார்த்தால் உடலில் நோய் எதுவும் தெரியாது. பனடோலுடன் வீடு திரும்புவோர் அடுத்த மாதமும் அதே முறைப்பாட்டுடன் வருவர். எமது மக்கள் மனத்துயரை உடல் நோவாகவே சொல்வது வழக்கம் என்பதைப் போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எடுத்துக் காட்டியுள்ளார். இவ்வாறு வருந்துவோர் எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. எனினும் சிலருக்கு, சிறுவயதில் நெருங்கிய ஒருவரால் இழைக்கப்பட்டு, எவரிடமும் சொல்லப்படாத கொடுமை ஒன்று அடியில் கிடக்கிறது.

சிறுவர் துஷ்பிரயோகம் என்பது பாலியல் கொடுமை மட்டுமன்று. கடும் அடி, ஓயாத அவமதிப்பு, கவனிப்பாரற்று விடுதல் என்பனவும் அதில் அடங்கும். பாலியல் கொடுமையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், உலகளவில் பெண்களில் ஐவருக்கு ஒருவர் சிறுவயதில் அதற்கு ஆளானதாகக் கூறுகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆண் பிள்ளைகளும் பாதிக்கப்படுகின்றனர். அவர்கள் அதைச் சொல்வது இன்னும் அரிது.

காலம் ஏன் ஆற்றுவதில்லை?

பிள்ளை தன்னைப் பாதுகாக்க வேண்டியவரையே நம்பி வாழ்கிறது. அவரே கொடுமை செய்யும்போது, "அவர் கெட்டவர்" என எண்ணுவதிலும் "நான்தான் பிழை" என எண்ணுவது பிள்ளைக்கு எளிதாகிறது. இந்தக் குற்றவுணர்வு வளர்ந்த பின்பும் தொடர்கிறது. உடலும் ஆபத்து இன்னும் நீங்காதது போல விழித்தே இருக்கிறது. ஒரு மணம், ஒரு காலடி ஓசை, ஒரு குரல் போதும். பழைய பயம் அப்படியே எழும். சிலர் உறவுகளை அஞ்சி ஒதுங்குவர். சிலர், குறிப்பாக ஆண்கள், கோபத்திலும் குடியிலும் அதை மறைப்பர். 1998இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று, சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளின் வகைகள் கூடக்கூட, பின்னாளில் மனச்சோர்வு, மதுப்பழக்கம், தற்கொலை முயற்சி, இருதய நோய் ஆகியனவும் கூடுவதைக் காட்டியது.

திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு வேறொரு பின்னணியும் உண்டு. 1990இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளைத் தாக்கிய ஆழிப்பேரலை, 2006இல் மூதூர், சம்பூர் மக்களின் இடப்பெயர்வு என அடுத்தடுத்து அவலங்கள் நேர்ந்தன. முகாம்களின் நெரிசலும், பெற்றோரை இழந்து உறவினரிடம் ஒப்படைக்கப்படுதலும் பிள்ளைகளின் பாதுகாப்பைக் குறைக்கும் நிலைமைகளாகும். 1990இல் எட்டு வயதாயிருந்தவர் இன்று நாற்பதைத் தாண்டியவர். போரின் இழப்பையாவது ஊர் கூடி அழுதது. வீட்டுக்குள் நடந்ததற்கு அழ எவரும் கூடவில்லை.

முதலில் கேட்பவர் செய்ய வேண்டியவை

இத்தகையோர் முதலில் நாடுவது வைத்தியரை அல்ல. ஒரு சிநேகிதி, முன்பள்ளி ஆசிரியை, மாதர் சங்கத் தலைவி, மதகுரு போன்ற ஒருவரையே நாடுவர். அவரது முதல் வார்த்தையே அந்த வாயை மேலும் திறக்கச் செய்யும், அல்லது இன்னும் பல வருடங்களுக்கு மூடிவிடும்.

1. நம்புங்கள். "இதில் உன்னுடைய பிழை எதுவும் இல்லை" எனத் தெளிவாகச் சொல்லுங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேளாதீர்கள்.

2. துருவித் துருவி விசாரியாதீர்கள். சொல்ல விரும்பும் அளவுக்கே சொல்லட்டும்.

3. இரகசியம் காப்பாற்றுங்கள். ஆனால் ஒரு பிள்ளை இப்போதும் ஆபத்தில் இருந்தால் மௌனம் காக்க முடியாது. அதனை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. குடும்ப மானத்தின் பெயரால் சமரசம் பேசாதீர்கள். அவசரமாகக் கலியாணம் முடித்து வைப்பதும், "மன்னித்து மறந்துவிடு" என நெருக்குவதும் காயத்தின் மேல் காயமாகும்.

5. வளர்ந்தவராயின், அடுத்து என்ன செய்வது என்ற முடிவு அவருடையது. அன்று பறிக்கப்பட்டது அவரது விருப்பமே. அதை மீண்டும் நாம் பறிக்கக் கூடாது.

ஆறுதலின் படிகள்

அமெரிக்க மனநல வைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் குணமடைதலை மூன்று படிகளாக விளக்கினார். முதலாவது பாதுகாப்பு: நித்திரை, உணவு, பயமற்ற இருப்பிடம். இரண்டாவது, நடந்ததை நம்பிக்கையான ஒருவர் முன் சொல்லித் துக்கித்தல். மூன்றாவது, மீண்டும் மனிதருடன் இணைதல். முதற்படி உறுதியாகுமுன் இரண்டாவதற்கு அவசரப்படுத்தினால் துன்பம் கூடும்.

எல்லோருக்கும் பேச்சு ஒன்றே வழியுமன்று. 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகம், கனடியக் கலைஞர் போல் ஹோகன் ஆகியோரின் முயற்சியில் உருவான வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் சித்திரம், களிமண் வேலை, கதை, தோட்டம் என்பவற்றின் மூலம் ஆறுதல் பெற்றனர். வளர்ந்தோருக்கும் தையல், பாட்டு, சிறு குழுவாகக் கூடுதல் போன்றவை இவ்வாறே உதவலாம்.

உதவி கிடைக்கும் இடங்கள்

பிள்ளையொன்று ஆபத்தில் இருந்தால் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். மனத்துயருக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் உண்டு. வைத்தியசாலையின் மனநலப் பிரிவையும், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை, சிறுவர் பணிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களையும் நாடலாம். வழக்குத் தொடுப்பதற்குக் கால எல்லைகள் இருப்பதால், அதனை விரும்புவோர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் தாமதியாது ஆலோசனை பெறுவது நன்று. முதல் தடவை செல்லும்போது நம்பிக்கையான ஒருவர் கூடச் செல்வது பெருந்துணை.

சங்கங்களில் கலந்துரையாட

1. எமது ஊரில் ஒருவர் இத்தகைய துயரை நம்பிச் சொல்லக்கூடியவர் யார்? அவருக்கு என்ன பயிற்சி தேவை?

2. குடும்ப மானம் என்று நாம் சொல்லும்போது யாருடைய மானத்தைக் காக்கிறோம்?