செல்லோவில் புகுந்த கண்டி மேளம்

பதுளை முதியங்கனை விகாரையின் பெரஹராவில் முழங்கும் மேளத்தைக் கேட்டுப் பழகிய பண்டாரவளைவாசிகளுக்கு, அத்தகைய கண்டிய தாளம், முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைக்கப்படும் நான்கு தந்தி வாத்தியமாகிய செல்லோவில் புகுந்து ஐரோப்பிய சங்கீத மேடையேறிய விருத்தாந்தம் வியப்பளிக்கும். 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து, இலங்கையில் வளர்ந்த செல்லோ கலைஞர் ரோஹன் டி சேரம், பாலப்பருவத்திலேயே இத்தாலி சென்று கஸ்பார் கஸாடோவிடமும், பின்னர் மகாவித்துவான் பாப்லோ கசல்ஸிடமும் சிட்சை பெற்றார். அர்டிட்டி என்னும் நால்வர் தந்திவாத்தியக் குழுவில் கால் நூற்றாண்டு அமர்ந்து, நவீன சாகித்தியகர்த்தாக்களின் கடினமான படைப்புகளை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கண்டி மேளத்திலும் அவருக்குப் பயிற்சியுண்டு என்றறிந்த இத்தாலிய மேதை லுச்சியானோ பெரியோ, 2002இல் அவருக்கென்றே இயற்றிய ‘செக்குவென்ஸா’ என்னும் தனிவாத்தியப் படைப்பு வரிசையின் பதினான்காவதில், ஒரு கை தந்தியில் ஸ்வரமெழுப்ப, மறுகை வாத்தியத்தின் மரவுடலைத் தட்டித் தாளமிடுகிறது. 2024இல் மறைந்த டி சேரம், பரதேச வாத்தியத்தில் பாண்டித்தியம் பெறுவதற்குச் சுதேச தாளத்தைத் துறக்க வேண்டியதில்லை என்பதை வாசித்தே நிரூபித்தவர்.