ஈரத்தரையும் மின்சாரமும்: வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு காவல்

உள்நோயாளி வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டு, உணவுமுறை, மறுபரிசோதனைத் தேதி ஆகியவற்றை எழுதித் தருவது எங்கள் வழக்கம். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் குடும்பத்தாரிடம் கேட்டு வருகிறோம்: "வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?" இது மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விதானா என்று சிலர் வியக்கிறார்கள். மின்னதிர்ச்சி உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயத்தின் வழியாகவே. துடிப்பு நின்ற இதயத்தை மீட்கக் கிடைக்கும் காலம் சில நிமிடங்கள் மட்டுமே. கிராமத்திலிருந்து நோயாளியை வண்டியில் ஏற்றும் முன்பே அந்த நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே இதற்குரிய மருந்து மருத்துவமனையில் இல்லை. வீட்டுச் சுவரில் இருந்தாக வேண்டும்.

டெல்டா வீடுகளின் ஈரம்

காவிரிப் படுகையில் ஈரம் விருந்தாளி அல்ல, வீட்டில் ஒருவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் சம்பாப் பயிர் நிற்கும் காலத்தில் வீட்டுச் சுவரும் நீரை உறிஞ்சி நிற்கிறது. களிமண் தரை எளிதில் உலர்வதில்லை. ஓட்டு வீடுகளில் ஒழுகும் நீர் சுவர் வழியே சுவிட்ச் போர்டுக்குள் இறங்குகிறது. கொல்லைப்புறத்தில் குளியலறை, துணி துவைக்கும் கல், ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எல்லாம் அருகருகே அமைந்திருக்கும். இப்போது வாஷிங் மெஷினும் அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. வெறுங்காலுடன் ஈரத்தரையில் நின்று ஈரக்கையால் சுவிட்சைத் தொடுவது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். அத்துயரத்தை இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க முடியாது. உயரழுத்தக் கம்பியிலிருந்து வீட்டுக் கருவி எதுவும் நம்மைக் காக்காது. அதற்கு விலகி நிற்பதே வழி. வீட்டுக்குள் 230 வோல்ட்டில் நிகழும் விபத்து வேறு வகையைச் சேர்ந்தது. அது ஊரே கூடி அழும் செய்தியாக வருவதில்லை. ஒரு வீட்டில் ஒருவராக, வெந்நீர் போடும்போதோ மாவரைக்கும்போதோ நேர்ந்துவிடுகிறது. அதைத் தடுக்கக் கருவி உண்டு.

நோயாளிக்கு ஏன் கூடுதல் அக்கறை?

நோயாளி வீட்டுக்கு வந்ததும் ஈரமும் மின்சாரமும் முன்னைவிட நெருங்கி வருகின்றன. குளிப்பாட்ட வெந்நீர், படுக்கையருகே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், நெபுலைசர், சளி உறிஞ்சும் சக்ஷன் கருவி, படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையின் பம்ப் என மின்கருவிகள் கூடுகின்றன. ஈரத்துணியால் உடல் துடைத்த அதே கையால் பராமரிப்பவர் சுவிட்சைப் போடுகிறார். சில நேரங்களில் படுக்கையே சிறுநீரால் நனைந்திருக்கிறது.

நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு, 'லேசாக ஷாக் அடிக்கிறது' என்று மற்றவர் உணரும் முன்னெச்சரிக்கை புலப்படாமல் போகலாம். பக்கவாதம் வந்தவரால் கையைச் சட்டென்று விலக்கிக்கொள்ள இயலாது. நெஞ்சில் ஐ.சி.டி. பொருத்தியவர்களுக்கு மற்றோர் இடர் உண்டு. கசியும் மின்சாரத்தை இதயத் துடிப்புக் கோளாறாகக் கருதி, தேவையில்லாத நேரத்தில் அக்கருவி அதிர்ச்சி கொடுத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

உடலுக்குள் நடப்பது என்ன?

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். தோல் நனைந்ததும் அந்தத் தடை பெரிதும் குறைகிறது. நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் உடலின் ஊடே 230 மில்லி ஆம்பியர் பாயும்.

ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று உணர்கிறோம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகிவிடும். பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. இதைத்தான் 'கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது' என்கிறோம். அதற்கு மேல் மூச்சுத்தசைகள் முடங்கும். 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் ஓரிரு நொடிகள் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத்தின் கீழறைகள் துடிப்பின் ஒழுங்கை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அந்நிலையில் மூளைக்கு இரத்தம் செல்வதில்லை.

எம்.சி.பி. இருந்தால் போதாதா?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. போதாது. எம்.சி.பி.யும் பழைய ஃப்யூஸும் கம்பியைக் காப்பதற்காக அமைந்தவை. 6, 10, 16 ஆம்பியர் என்ற அளவுகளில் வரும் அவை, அந்த அளவை மீறி மின்னோட்டம் பாய்ந்தால்தான் துண்டிக்கும். நனைந்த மனிதரின் உடலில் பாயும் 230 மில்லி ஆம்பியர் என்பது கால் ஆம்பியர்கூட ஆகாது; தலைக்கு மேல் சுழலும் சாதாரண மின்விசிறி எடுத்துக்கொள்வதைவிடக் குறைவு. மனிதர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. எதுவும் நடவாததுபோல் இருக்கும்.

ஆர்.சி.சி.பி. கணக்குப் பார்க்கும் கருவி. பேஸ் கம்பியில் சென்ற மின்னோட்டம் நியூட்ரல் கம்பியில் அப்படியே திரும்பி வருகிறதா என்று இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் வேறுபாடு இருந்தால், விடுபட்ட பங்கு வேறு வழியில் தரைக்குச் செல்கிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனிதராக இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் வகைக் கருவி, வேறுபாடு அந்த அளவை எட்டியதும் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. கசிவு பெரிதானால் இன்னும் விரைவாகத் துண்டிக்கிறது. சுருக்கென்ற வலி அப்போதும் இருக்கும். ஆனால் இதயத்தைக் குலைக்கும் அளவு நேரம் மின்சாரத்துக்குக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், எவ்வளவு மின்னோட்டத்தில் மனிதர் கையை விடுவித்துக்கொள்ள இயலும் என்று ஆராய்ந்தவர். கசிவை அறிந்து துண்டிக்கும் கருவியை 1960களில் அவர் அங்கு உருவாக்கினார். அந்நாட்டு மின் விதிகள் 1975 முதல் குளியலறை ப்ளக் பாயிண்ட்டுகளுக்கு இத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. நம் நாட்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள், வீட்டு இணைப்புகளில் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவியின் வரம்பு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டலாகாது என்கின்றன.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெயின் போர்டில் பொருத்துவதே சிறந்தது. கடையில் கேட்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று அழுத்திச் சொல்லுங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீவிபத்தைத் தடுக்க உதவுமேயன்றி உயிரைக் காக்கப் போதா. ஆர்.சி.சி.பி. வந்துவிட்டது என்று எம்.சி.பி.யைக் கழற்றிவிடக் கூடாது; இரண்டின் பணியும் வேறு.

வீடு முழுவதற்கும் இப்போது இயலவில்லை என்றால் ஈரமுள்ள இடங்களிலிருந்து தொடங்குங்கள். குளியலறை, சமையலறை, கொல்லைப்புற மோட்டார், வாஷிங் மெஷின், நோயாளியின் அறை என்பது நாங்கள் சொல்லும் வரிசை. வாடகை வீட்டில் போர்டை மாற்ற முடியாதவர்கள், குறிப்பிட்ட ப்ளக் பாயிண்ட்டுக்கு முன்னால் சிறு பெட்டியில் தனி ஆர்.சி.சி.பி. வைத்துக்கொள்ளலாம், வீடு மாறும்போது கழற்றியும் செல்லலாம்.

பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை ப்ளக் பாயிண்ட் இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இராது. அங்கும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். எனினும் அப்போது யாரேனும் தொட்ட பிறகே அது கசிவை அறியும். எர்த் சரியாக இருந்தால், கிரைண்டரின் உடலில் கசிவு ஏற்பட்டவுடனே, எவரும் தொடும் முன்பே துண்டித்துவிடும். ஆகவே எர்த் குழியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் அதற்கு நீர் ஊற்றிவர வேண்டும். தண்ணீர்க் குழாயை எர்த்தாகப் பயன்படுத்துவது பேராபத்து.

கருவியின் முகப்பில் 'டி' என்ற ஆங்கில எழுத்து பொறித்த பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். மாத்திரைப் பெட்டியை நிரப்பும் நாளோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

"அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்பவர்களுக்கு

மழைக்காலத்தில் இக்கருவி அடிக்கடி விழுவதால் அதைத் தாண்டி நேரடியாகக் கம்பி இழுத்துவிடும் வீடுகள் உண்டு. காய்ச்சலைக் காட்டுகிறது என்பதற்காகத் தெர்மாமீட்டரை உடைப்பதற்கு அது ஒப்பாகும். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கசிவு பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கும். ஈரம் புகுந்த போர்டு, பழுதான ஹீட்டர், மோட்டாரின் ஒயர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இரு இணைப்புகளின் நியூட்ரல் கம்பிகள் கலந்துவிட்டால் கசிவே இல்லாமலும் விழும். நியூட்ரலைப் பிரிப்பதே அதற்குத் தீர்வு. மெயின் போர்டின் ஆர்.சி.சி.பி., பேட்டரியில் ஓடும் மின்சாரத்தைக் கண்காணிப்பதில்லை. இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்கு என்று தனி ஆர்.சி.சி.பி. வேண்டும்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருப்பவருக்கு மின்சாரம் நிற்பதும் ஆபத்தே. அவருடைய கருவிக்குத் தனி இணைப்பும் தனி ஆர்.சி.சி.பி.யும் கொடுங்கள், குளியலறை ஹீட்டரின் கோளாறு நோயாளியின் மூச்சைத் தொடக் கூடாது. மாற்று ஏற்பாடாக நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் அருகிலேயே இருக்கட்டும்.

கருவியால் காக்க முடியாதவை

ஒரு கை பேஸ் கம்பியையும் மறு கை நியூட்ரலையும் தொட்டால், தரைக்குக் கசிவு இல்லாதவரை, ஆர்.சி.சி.பி.க்கு அது விளக்கெரிவது போலவே தோன்றும், துண்டிக்காது. எனவே சில பழக்கங்களும் மாற வேண்டும். வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டுவிட்டு நீரில் விரல் வைத்துச் சூடு பார்க்கலாகாது. சுவிட்சை நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிய பின்பே தொட வேண்டும். கீசரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். துணி காயவைக்க இரும்புக் கம்பிக்கு மாறாக நைலான் கயிறு கட்டுங்கள். நோயாளியின் கட்டிலுக்கு அடியில் ஒட்டுப்போட்ட ஒயரோ எக்ஸ்டென்ஷன் பெட்டியோ வேண்டாம். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், நீர் ப்ளக் பாயிண்ட்டை எட்டும் முன் மெயினை நிறுத்துங்கள். நீர் வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் பார்த்த பின்பே ஏற்றுங்கள்.

ஒருவருக்கு மின்னதிர்ச்சி ஏற்பட்டால்

முதலில் அவரைத் தொடாதீர்கள், மெயினை நிறுத்துங்கள். அது இயலாவிட்டால் உலர்ந்த பலகை மீது நின்று, உலர்ந்த மரக்கழியால் விலக்குங்கள். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி என்றால் அருகில் செல்லாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 ஐ அழையுங்கள்.

மின்சாரம் நின்றபின் அவரை அசைத்து அழைத்துப் பாருங்கள். நினைவும் இயல்பான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108 ஐ அழைக்கட்டும். மற்றவர் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்கட்டும். உள்ளங்கை, உள்ளங்கால் தேய்ப்பதிலும் தண்ணீர் புகட்டுவதிலும் நேரம் போகக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதாலும் விட்டுவிட வேண்டாம். மயங்கியவர், நெஞ்சுவலியோ படபடப்போ உள்ளவர், தீக்காயம் பட்டவர், கருவுற்றவர், இதயநோயாளி ஆகியோர் அன்றே மருத்துவமனைக்கு வந்து இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் காயத்தின் உள்ளே தசை வெந்திருக்கக்கூடும். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அது சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்தின் அறிகுறி.

வெளியில் ஒருமுறை மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் நோயாளி வீட்டுக்கு வரும் முன்பே பொருத்திவிடுங்கள். இருந்தால், இன்றே அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.