சென்னை மாநகராட்சியில் மாமன்றமும் ஆணையரும்: அதிகாரப் பகிர்வு குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகராட்சி, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாமன்றம், மாநில அரசால் நியமிக்கப்படும் ஆணையர் என்னும் இரு அமைப்புகளைக் கொண்டு இயங்குகிறது. இவற்றுக்கிடையிலான அதிகாரப் பகிர்வையும், மாமன்றம் இல்லாத காலங்களில் அப்பகிர்வுக்கு நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாநகராட்சி, மாமன்றம், மேயர், ஆணையர், தனி அலுவலர், 74ஆவது திருத்தம்

முன்னுரை

1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தோற்றம் பெற்ற சென்னை மாநகராட்சி, இந்தியாவின் மிகப் பழைமையான மாநகராட்சியாகும். இத்தகைய தொன்மை வாய்ந்த அமைப்பில் மேயர் நகரின் முதற்குடிமகனாக மதிக்கப்படுகிறார். எனினும் அம்மதிப்பும் நிருவாக அதிகாரமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி நகர ஆட்சியின் இயல்பை அறிய இயலாது.

இரு அமைப்புகள்

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் தீர்மானிக்கும் பொறுப்பை மன்றத்திடமும், செயற்படுத்தும் அதிகாரத்தை ஆணையரிடமும் அளித்தது. பிட்டி தியாகராயர் மன்றத்தின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரானார். அத்தலைவர் பதவி 1933இல் மேயர் எனப் பெயர் மாறியது. முதல் மேயராக எம். ஏ. முத்தையா செட்டியார் பொறுப்பேற்றார். அக்காலத்தில் மேயர் ஓராண்டுக்கு மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டுதோறும் மாறும் தலைவரால் நிருவாகத்தின் மீது தொடர்ச்சியான செல்வாக்குச் செலுத்துவது எளிதன்று.

இன்று 200 வார்டுகளின் உறுப்பினர்களைக் கொண்ட மாமன்றம் வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளிக்கிறது. பணிகளுக்கான தீர்மானங்களை நிறைவேற்றுகிறது. நிலைக்குழுக்களும் மண்டலக் குழுக்களும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆனால் பணியாளர்களை இயக்குபவர் இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஆணையரே. அவரை நியமிப்பதும் இடமாற்றம் செய்வதும் மாநில அரசின் உரிமை. எனவே மேயர் மக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். ஆணையரோ முதன்மையாக அரசுக்கு விடை கூறுபவர்.

மாநகராட்சிக்கு வெளியே நிற்கும் பணிகள்

மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, திடக்கழிவு மேலாண்மை ஆகியன மாநகராட்சியின் பணிகள். நகரமைப்புத் திட்டம் 1970களில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் சென்றது. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தனி வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே தெருவில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அருகே செல்லும் கழிவுநீர்க் குழாய் வாரியத்துடையது. வடிகால் சென்று சேரும் அடையாறும் கூவமும் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. தெருவில் நீர் தேங்கும்போது மக்கள் முதலில் அணுகுவது வார்டு உறுப்பினரையே. அவர் வலியுறுத்தலாம், பிற துறைகளுக்கு ஆணையிட அவருக்கு அதிகாரமில்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 12ஆவது அட்டவணையில் 18 பணிகளைக் குறிப்பிட்டது. நகரமைப்பும் குடிநீரும் அவற்றுள் அடங்கும். எனினும் அப்பணிகளை மாநிலச் சட்டமன்றம் நகராட்சி அமைப்புகளுக்கு ‘வழங்கலாம்’ என்றே 243W பிரிவு கூறுகிறது. வழங்கியே தீர வேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை. வாரியங்கள் மாநகராட்சிக்கு வெளியே நிலைபெற்றிருப்பதற்கு இச்சொல்லமைப்பு இடந்தருகிறது.

மாமன்றம் இல்லாத காலங்கள்

1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடைபெற்றது, அதில் மு. க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். இடைப்பட்ட 23 ஆண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சியில் கழிந்தன.

பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்த வேண்டும் என 74ஆவது திருத்தம் விதித்த பின்னரும், 2016 முதல் 2022 வரை மாமன்றம் இல்லை. பெருந்தொற்றுக் காலமும் 2021ஆம் ஆண்டின் பெருமழையும் இவ்விடைவெளியில் அடங்கும். அப்போது ஆணையரே தனி அலுவலராகவும் பொறுப்பு வகித்தார். அதாவது, தீர்மானிப்பவரும் செயற்படுத்துபவரும் ஒருவரே ஆயினர். 1919ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பிரிவினை இங்குப் பெயரளவிலும் இல்லாது போயிற்று.

குப்பை அகற்றப்பட்டது, வரியும் வசூலிக்கப்பட்டது. மாமன்றம் இன்றியும் நகரம் இயங்க முடிந்தமைக்குக் காரணம், செயலாட்சி அதிகாரம் முன்பே மாமன்றத்திற்கு வெளியே இருந்தமையாகும். நின்றுபோனது வேறொன்று: வரவு செலவுத் திட்டத்தைப் பொது அவையில் வினவுதலும், ஒரு வார்டின் குறையை அவைக் குறிப்பில் இடம்பெறச் செய்தலும்.

தேர்தல் முறையும் தலைமையும்

1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006, 2022 ஆகிய ஆண்டுகளில் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். 2022இல் ஆர். பிரியா மேயரானார், இப்பதவியை ஏற்ற முதல் பட்டியலினப் பெண் அவர். மேயர் பதவிக்கு வருபவரின் சமூகப் பின்னணி விரிவடைந்திருப்பது சிறப்பான மாற்றம். ஆயினும் தேர்தல் முறை மாறியபோதெல்லாம் ஆணையரின் செயலாட்சி அதிகாரம் மாறாமலே தொடர்ந்தது.

முடிவுரை

மேயரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்னும் வினாவே பொதுவிவாதங்களில் முதன்மை பெறுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் எப்பணிகளை ஒப்படைப்பது என்பதே அதனினும் அடிப்படையான வினா. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறுதலும், 12ஆவது அட்டவணைப் பணிகள் மாமன்றத்தின் கண்காணிப்பிற்குள் வருதலும் இணைந்து நிகழாதவரை, நகர மக்களின் வாக்கு ஒரு பிரதிநிதியைத் தருமேயன்றி நகர ஆட்சியைத் தராது.